சாவி பத்திரமாக இருக்கிறது, கிண்டியில்

"சாவி தொலைஞ்சுபோச்சு, சீக்கிரம் வாங்க சார்" என்று யாராவது போனில் அழுதால், நான் இப்போதெல்லாம் உடனே கிளம்புவதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன். அதைக் கேட்க வைத்தது பெருங்களத்தூர் பெட்ரோல் பங்க்கில் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலை.

தாம்பரத்தில் கார் சாவிக்குக் கோடிங் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அன்று அழைத்தது நித்யா என்ற பெண். பெட்ரோல் போட்டுவிட்டு பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பவில்லை, சாவியைக் காணோம். வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கு இன்டர்வியூ. ஒன்பதுக்கு மேல் உள்ளே விடமாட்டார்களாம்.

நான் போனபோது எட்டேகால். பின்னால் வரிசையாக ஹார்ன் அடிக்கிறார்கள். ஸ்டியரிங் லாக் ஆனதால் தள்ளவும் வழியில்லை. நித்யாவின் அம்மா மிதியடிகளை எல்லாம் வெளியே எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஸ்டார்ட் ஆன வண்டிதானே? யார் ஸ்டார்ட் பண்ணது?" என்றேன்.

"அப்பா சார். ஏழரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி, கேட்டைத் தாண்டி, இன்ஜினை அணைக்காம நிறுத்தி வெச்சுட்டாரு. நல்ல நேரத்துல கிளம்பின கணக்காம். நான் ரெடியாகி வந்து ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் பீப் பீப்னு கத்துச்சு. சீட் பெல்ட்னு நினைச்சேன்."

"அப்பா எங்க?"

"டிரெயின்ல ஆபீஸ் போயிட்டிருக்காரு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்மார்ட் கீ என்பது இவ்வளவுதான்: பட்டனை அழுத்தியதும் கார் ஒரு சிக்னல் அனுப்பும், பக்கத்தில் இருக்கும் சாவி தன் ரகசிய கோட் எண்ணைச் சொல்லும், இன்ஜின் ஓடும். ஓடத் தொடங்கிய பிறகு சாவி ஊர் தாண்டிப் போனாலும் இன்ஜின் நிற்காது. நடுரோட்டில் நின்றால் ஆபத்தல்லவா? கத்த மட்டும் செய்யும். பெட்ரோல் போட அணைத்தால்தான் தொல்லை; சாவி பக்கத்தில் இல்லாமல் மறுபடி கிளம்பாது.

அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"சாவியா? என் பாக்கெட்லதான் இருக்கு. பத்திரமா இருக்கு. கிண்டி வந்துட்டேன்."

"ஸ்பேர் கீ?" என்று கேட்டேன்.

"பீரோவுல சார். பீரோ சாவியும் என்கிட்டதான்!"

குரலில் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச் சாவிக்குக் கோடிங் போட்டு முடிப்பதற்குள் கல்லூரிக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"ஆட்டோ பிடிச்சுப் போம்மா" என்றேன். அம்மா குறுக்கே வந்தார்.

"வேணாம் சார். நல்ல நேரத்துல கிளம்பின வண்டி. நடுவுல மாத்தக்கூடாது."

"அம்மா, இந்த வண்டி எங்கயும் கிளம்பல! நிக்குது!"

கத்திவிட்டேன். பங்க்கே திரும்பிப் பார்த்தது. நித்யா அழுகையை நிறுத்தி, ஃபைலை எடுத்துக்கொண்டு, போகிற ஆட்டோவை மறித்து ஏறிவிட்டாள். அப்பா எதிர் ரயில் பிடித்துச் சாவியோடு வரும்வரை, பங்க்காரர்களின் ஏச்சை நானும் அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி: "கடைசியா வண்டியை ஸ்டார்ட் பண்ணது யாரு, அவர் இப்ப எங்க?" பாதி சாவிகள் அதிலேயே கிடைத்துவிடுகின்றன.

சில நாள் கழித்து அந்த அப்பாவே அழைத்தார்.

"பொண்ணுக்கு வேலை கிடைச்சுடுச்சு சார். எல்லாம் நல்ல நேரத்துல கிளம்பினதுதான். திங்கக்கிழமை ஜாயினிங். அன்னைக்கும் ஏழரைக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுவேன்."

"சார், தயவுசெஞ்சு சாவியைப் பொண்ணு கையில குடுங்க!"

"அவ சின்னப் பொண்ணு சார். தொலைச்சிடுவா."