பெயர் எழுதப்படாத யந்திரம்

உற்பத்தி யந்திரம் வடிவமைப்பது என்பது, இல்லாத ஆளையும் இல்லாத பொருளையும் இருப்பதாகக் காகிதத்தில் காட்டும் தொழில். யுத்த காலத்தில் இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பொறியியலாளர்களான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒருவரே மூவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த எமது நிறுவனத்தில் வளங்களைப் பங்கிடுவது என் பொறுப்பு. வளங்கள் என்றால் ஒரு கடைசல் யந்திரம், அவ்வப்போது மின்சாரம், சிவநேசன் என்ற ஒரே படவரைஞர். முகாமையாளரோ ஒரே மாதத்தில் மூன்று யந்திரங்களுக்கு ஒப்புக்கொண்டு, மூன்றிலும் சிவநேசனை முழுநேரமாக எழுதியிருந்தார். ஒரு மனிதருக்கு ஒரு நாளில் ஒரு நாள்தான் உண்டு என்று சுட்டிக்காட்டினேன்.

"அவர் யாழ்ப்பாணத்து ஆள்தானே மிஸ், நித்திரை முழிச்சுப் படிச்சுப் பழகினவர்."

டைமர்

மூன்றில் அவசரமானது சவர்க்காரம் வெட்டும் யந்திரம். நீளமான சவர்க்காரப் பாளம் நகர்ந்து வர, இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி குறித்த நேரத்துக்கு ஒருமுறை இறங்கி அதைத் துண்டாக்கவேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிடும் டைமரை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்டு எழுதினோம்; பதில் வரவில்லை. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் சலவை யந்திரமொன்றின் டைமரைத் தேடிப்பிடித்து, அதற்கேற்ப வடிவமைப்பை மாற்றினேன். பார்க்க வந்த சவர்க்காரத் தொழிற்சாலை முதலாளிக்கு இதைச் சற்றுப் பெருமையோடுதான் விளக்கினேன்.

"தங்கச்சி, இது என்ர சவர்க்காரத்தை வெட்டுமோ, இல்லாட்டி நுரைக்கப் பண்ணுமோ?"

வெறுங்கட்டம்

வரைபடத்தின் கீழ் மூலையில் யந்திரத்தின் பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. நான் சரிபார்த்து ஒப்பமிட்ட பிறகே அதில் பெயர் எழுதலாம். விதியை விதித்தவளும் நானே. சிவநேசன் இரண்டு நாளாக ஒப்பம் கேட்டார்; எனக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், மிச்ச அளவுகளைத் தான் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜில் முடிக்கலாமென்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சோதனைச்சாவடியில் விரித்துப் பார்த்தார்கள்: கம்பி, டைமர், பெயரில்லாத ஏதோவொன்று. கூடவே யாழ்ப்பாண விலாசமுள்ள அடையாள அட்டை. குண்டின் படமென்று ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் லொட்ஜ்காரர் தொலைபேசியில் சொல்ல, நான் முகாமையாளரிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார்.

"அப்ப மிஸ், அந்த ரிசோர்ஸ் எப்ப ஃப்ரீ ஆகும்?"

செய்முறை விளக்கம்

சனிக்கிழமை பொலிஸ் நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிறுவனத்தின் கடிதம், ஒரு பாளம் சவர்க்காரம், சட்டத்தில் பூட்டிய கம்பி ஆகியவற்றோடு போனேன். தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்தேன். இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே வரைபடத்தில் பெயரை எழுதி ஒப்பமிட்டு, சவர்க்காரத்தை வெட்டிக் காட்டினேன். அவர் தாமும் இரண்டு துண்டு வெட்டினார், மணந்து பார்த்தார், சிரிக்காமல் தமிழில் சொன்னார்: "நோனா, ஆள் போகலாம். சவுக்காரம் இருக்கட்டும்."

இரண்டு இரவுகளைப் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் படுத்துக் கழித்த சிவநேசன், சுருட்டிய வரைபடத்தோடு வாசலுக்கு வந்தார். பிழை என்னுடையது என்று நான் தொடங்கியதும் இடைமறித்தார்.

"விடுங்கோ மிஸ். இனிப் பேரை எழுதிப்போட்டுத்தான் நான் கோடே கீறுவன்."

உருக்கு எவ்வளவு தாங்கும் என்று கணிக்க எனக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கற்பித்தவர்கள், ஓர் ஒப்பத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் படவரைஞர் எவ்வளவு தாங்கவேண்டும் என்பதை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.