ஓதிய தண்ணீருக்கும் அளவுண்டு

நான் நர்ஸாக இருக்கும் வாட்டில் எனக்குச் சிடுமூஞ்சி மிஸ் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கட்டிலைச் சுற்றிக் குடும்பமே திரண்டு நின்று ஆளுக்கொரு கதை கதைத்தால், யாரால் சிரித்த முகத்தோடு ஊசி போட முடியும்?

அந்த வயல்காரரைக் கொண்டுவந்த அன்றும் அப்படித்தான். சவளக்கடைப் பக்கம் வேளாண்மை செய்கிறவர், நல்ல திடமான மனிதர். வயலில் நின்றவர் திடீரென்று உளறத் தொடங்கியிருக்கிறார். சோறு கொண்டுபோன மனைவியைப் பார்த்து, "ஆரு நீங்க? ஆர்ர வீட்டுப் புள்ள?" என்று கேட்டாராம். ஜின் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். மூளை கலங்கிவிட்டது, இனி மனிதர் இப்படித்தான் என்றார்கள் வேறு சிலர். மனைவி மட்டும் வாய் திறக்காமல் கால்மாட்டில் நின்றார்.

இரத்தப் பரிசோதனை வந்தது. சோடியம் நூற்றிப் பதினாறு. நூற்றி முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. டொக்டர் துருவித் துருவிக் கேட்டதில் சங்கதி வெளிவந்தது. பிரஷருக்கு மாத்திரை போடுகிற மனிதர் உப்பையும் அறவே விட்டிருக்கிறார். வயல் செய்கிறவர்களுக்குக் கிட்னி வருத்தம் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, வெயிலில் நின்றபடி கேன் கேனாகத் தண்ணீர் குடித்திருக்கிறார். வியர்வையில் உப்புப் போகிறது, பிரஷர் குளிசை சிறுநீரோடு உப்பைத் தள்ளுகிறது, உள்ளே போவதோ வெறும் தண்ணீர். கறிக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதுதான் இரத்தத்துக்கும் ஆகியிருந்தது. கூடுதல் தண்ணீர் மூளைக்குள் புகுந்து வீங்கச் செய்ததால்தான் மனைவியையே அடையாளம் தெரியவில்லை.

குளிசையை நிறுத்தி, தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொன்னார் டொக்டர். சோடியத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டாலும் மூளைக்குத்தான் ஆபத்து. குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு.

மறுநாள் பார்த்தால் சோடியம் அசையவே இல்லை. குடித்த அளவு என் எழுத்தில் கொஞ்சம்தான். சிறுநீர்ப் பையோ நிரம்பி வழிகிறது, அதுவும் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக. சிறுநீர்ப் பரிசோதனையிலும் அடர்த்தி அடிமட்டத்தில் இருந்தது. உள்ளே போகாதது வெளியே எங்கிருந்து வரும்? "இப்படியே போனா வலிப்பு வரும்" என்று டொக்டர் முகத்தைச் சுருக்கினார்.

பார்வையாளர் நேரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் சின்னப் போத்தலைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, அவர் வாயில் ஒரு மிடறு ஊற்றினார்கள். மேசைக்குள் பார்த்தால் வரிசையாகப் போத்தல்கள். ஊரில் உள்ள அத்தனை மௌலவிமாரிடமும் குர்ஆன் ஓதி வாங்கிய தண்ணீர்!

"என்ன வேல பாக்கிறீங்க நீங்க? இந்த மனுசன மௌத்தாக்கவா வந்திரிக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஓதின தண்ணி மகள், அது என்ன செய்யப் போகுது?" என்றார் அவருடைய மாமி.

நானும் இந்த ஊர்ப் பிள்ளைதானே! என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் குளிசையோடு ஓதிய தண்ணீரும் கொடுக்கிறவள்தான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அளவுக் கோப்பையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேன்.

"ராத்தா, டொக்டர் அளவத்தான் சொன்னாரு, எந்தத் தண்ணி எண்டு சொல்லல்ல. அவ்வளவும் ஓதின தண்ணியாவே இரிக்கட்டும். ஆனா நீங்க மட்டும்தான் குடுக்கணும். மத்த ஆக்கள் அல்லாஹ்கிட்ட துஆக் கேளுங்க. துஆவுக்கு அளவில்ல."

"ஓம் மகள்" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரும் கோபிக்கக் கூடாதென்று எல்லாப் போத்தலையும் ஒரே கூசாவில் ஊற்றிக் கலந்தார். கெட்டிக்காரி! அதன்பிறகு மாமியாலும் நெருங்க முடியவில்லை. மனிதர் தண்ணீர் கேட்டு அழுதார், "கள்ளி, நெஞ்சில ஈரமில்லாதவள்" என்று ஏசினார். அந்த ராத்தா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு நனைத்த துணியால் அவர் உதட்டைத் துடைத்துவிடுவார்.

சோடியம் மெல்ல ஏறத் தொடங்கியது. பையில் சிறுநீரும் நிறம் மாறியது. மஞ்சள் மூத்திரத்தைப் பார்த்து வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அவர் மனைவியை வேற்றாளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வேறொரு மாத்திரையோடு போனேன். மனிதர் மனைவியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாரு புள்ள, சொண்டெல்லாம் வெடிச்சிக் கிடக்கு. நீ தண்ணி குடிக்கல்லியா?"

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அந்த ராத்தா விம்மி வெடித்து அழுதார். "உங்களுக்குத் தராத தண்ணி எனக்கு எப்பிடி இறங்கும்? கோப்ப கைக்கு வந்த நாளிலிரிந்து நோம்பு."

மனிதர் குடித்த ஒவ்வொரு துளியையும் அளந்துகொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்த அந்த உதட்டைப் பார்க்கவே இல்லை. மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மிச்சத் தண்ணீர் இருந்த கோப்பையை மூடி என்னிடம் நீட்டினார்.

"மிஸ், என்ட கணக்கில இவ்வளவு இரிக்கி. எனக்கு வேணாம். இவ நோம்பு தொறக்கட்டும்."

பொழுது சாய்ந்து மஹ்ரிப் பாங்கு சொன்னதும் அந்த ராத்தா அதை வாங்கிக் குடித்தார். கடைசிச் சொட்டு இறங்கும் வரை மனிதர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.