பெரட்டுக் களத்தில் தட்டிய பந்து

கல்வியியற் கல்லூரிக்காக நான் ஆடிய முதல் கூடைப்பந்துப் போட்டியில் ஒன்பது நிமிடங்கள்தான் களத்தில் இருந்தேன். அதற்குள் ஐந்து பவுல். ஐந்தாவது முறை விசில் ஊதிய நடுவர் விரல்கள் ஐந்தையும் விரித்துக் காட்டியபோது, அதற்கு என்ன அர்த்தம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தெரியாமல் அப்படியே நின்றேன். எங்கள் அணித் தலைவி வந்து தோளைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுப் போனாள்.

விளையாட்டே தெரியாதவள் இல்லை நான். பூண்டுலோயாப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்து முடிக்கும்வரை வலைப்பந்து ஆடியவள். அதில் பந்து கைக்கு வந்தால் ஓடக்கூடாது, நின்றுவிட வேண்டும். எதிராளியை மூன்றடி தள்ளி நின்றுதான் மறிக்கலாம். கூடைப்பந்தில் எல்லாம் தலைகீழ். நெருங்கி நில் என்றார்கள். நான் போய் மோதினேன்.

என்னை அணிக்கு இழுத்தது என் உயரம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு வரிசையில் நின்றவளைப் பயிற்றுவிப்பாளர் அண்ணாந்து பார்த்தார். சிங்களப் பெண்மணி, குட்டையானவர். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். நாளை நாலு மணிக்கு மைதானத்துக்கு வா என்றார். அதுவரை என் உயரம் எங்கள் வீட்டில் ஒரு குறையாகத்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம், "இவளுக்கு மாப்புள்ளைய எங்க போயித் தேடுறது?" என்று கேட்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை. அதே உயரத்தை ஒருவர் வேண்டும் என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அணியில் பன்னிரண்டு பேர். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற அளவுக்குச் சிங்களம் வரும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது "வமட்ட!" என்று ஒருத்தி கத்தினால், அது இடப்பக்கம் என்று மனசு சொல்வதற்குள் பந்து போய்விடும்.

ஐந்து பவுலுக்குப் பிறகு பயிற்றுவிப்பாளர் முடிவெடுத்துவிட்டார். வளையத்துக்குக் கீழே நில். கையைத் தூக்கு. விழுகிற பந்தைப் பிடித்துத் தலைவியிடம் கொடு. தரையில் தட்டாதே. விடுமுறை வரைக்கும் அந்தப் படிப்புத் தவணை முழுக்கக் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது, எனக்கு முன் இருக்கையில் இருந்த தலைவி தன் தோழியிடம் சிங்களத்தில் சொன்னாள்: "தோட்டத்துப் பெண்ணுக்கு அது போதும்." எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பாள். மனசுக்குள் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் புரிந்தது.

விடுமுறைக்குப் போகும்போது விளையாட்டு அறையில் கையெழுத்துப் போட்டு ஒரு பழைய பந்தை வாங்கிக்கொண்டேன். தோல் வழுக்கையாகியிருந்தது, ஆனால் துள்ளியது.

எங்கள் தோட்டத்தில் சமதரை கிடையாது. வீட்டு வாசலில் பந்தைத் தட்டினால் அது மூன்று லயம் தாண்டி ஓடைக்குப் போய்விடும். சிமெந்து போட்ட ஒரே இடம், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போய் இடக்கையால் மட்டும் தட்டத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் கண்டாக்கு வந்தார், வேலை மேற்பார்க்கிற உத்தியோகத்தர்.

"ஏம்மா, இது என்ன வெளையாடுற எடமா?"

"இன்னைக்குப் பெரட்டு இல்லீங்களே ஐயா."

"தொரை பாத்தா என்னையத்தான் கேப்பாரு. போ, போ."

"தொரை கேட்டா நானே சொல்லிக்கிறேங்க. எங்க அம்மா இருவத்தி ரெண்டு வருசமா இங்க வந்து நிக்கிறாங்க. நான் ரெண்டு மணி நேரம் நிக்கக்கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். தோட்டத்து மேலாளரான தொரை அந்தப் பக்கமே வரவில்லை. அந்த விடுமுறை முழுக்க, வேலை முடிந்து களம் காலியானதும் நான் அங்கேதான் இருந்தேன்.

பிரச்சினை வேறு வழியாக வந்தது. கல்லூரி எங்கள் அணியின் படத்தை முகநூலில் போட்டிருந்தது. டவுனில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்கார முஸ்லிம் நாநா, "இது ஒங்கட மகள்தானே?" என்று சந்தோஷமாகத்தான் அப்பாவிடம் போனைக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் நின்ற எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தி பிடித்த கைக்குச் சிரிப்பைத் தடுக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை என்மேல் இறக்கினார்.

"முழங்காலுக்கு மேல உடுப்புப் போட்டுக்கிட்டு ஊருக்கே காட்டிட்டு நிக்கிற. டீச்சராகப் போறியா, வேற என்னமும் ஆகப் போறியா?"

"அப்பா, அம்மா மழையில சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு மலையில நிக்கிறாங்க. அட்டை கடிச்ச காலோட கொழுந்து எடுக்கிறாங்க. அந்தக் காலப் பாத்து யாரும் வெக்கப்படலையே. நீங்களும் படலையே."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அடுப்படியில் இருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. நான் கல்லூரிக்குத் திரும்பும் நாள் வரை அப்பா என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த தவணையில் நுவரெலியாவில் அரையிறுதி. மூன்றாவது கால்பகுதியில் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். வளையத்தில் பட்டு விழுந்த பந்தைப் பிடித்தேன். "தென்ன! தென்ன!" கொடு, கொடு என்று தலைவி கத்தினாள். அவளைச் சுற்றி இரண்டு பேர். பயிற்றுவிப்பாளரும் கத்தினார். எனக்கு முன்னால் மைதானம் காலியாகக் கிடந்தது. பந்தைத் தரையில் தட்டினேன். இடக்கையால் தட்டிக்கொண்டு மறுமுனை வரை ஓடிப் போட்டேன். விழுந்தது. சமநிலை.

பயிற்றுவிப்பாளர் உடனே என்னை வெளியே எடுத்துவிட்டார்.

"நான் உன்னிடம் என்ன சொன்னேன்?"

"பந்தைக் கொடுக்கச் சொன்னீர்கள், மெடம்."

"பிறகு?"

"அவளை இரண்டு பேர் மறித்தார்கள். என்னை யாரும் மறிக்கவில்லை. உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். திரும்ப அனுப்பினால் திரும்பவும் இதைத்தான் செய்வேன்."

இத்தனையும் என் உடைந்த சிங்களத்தில். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயிற்றுவிப்பாளர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமலே போ என்று கையை ஆட்டினார்.

போனேன். சொன்னதையே செய்தேன். இரண்டு தடவை போட்டேன், ஒரு தடவை பந்தைப் பறிகொடுத்தேன். ஒரு தடவை என்னை இடித்து விழுத்தினார்கள். அதற்குக் கிடைத்த இரண்டு தனி எறிதலில் ஒன்று உள்ளே போனது, ஒன்று தவறியது. மூன்று புள்ளியால் தோற்றோம். நான் அழவில்லை. தோற்ற ஆட்டத்திலும் நான் ஆடியிருந்தேன்.

அடுத்த பயிற்சியில் பயிற்றுவிப்பாளர் பந்தை என் நெஞ்சுக்கு நேராக எறிந்து, "இனி நீ கொண்டு வா" என்றார். தலைவிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பக்கத்தில் ஓடினாள். அந்த வருடம் முழுக்க நாங்கள் தோழிகளாகவில்லை. ஒருவருக்கொருவர் பந்து கொடுக்கப் பழகினோம்.

அப்பா இன்றுவரை ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அம்மா ஒருமுறை ஹட்டனுக்கு வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், கடைசி வரை நின்றே பார்த்தார். முடிந்ததும் என் முழங்கைச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அந்த மஞ்சச் சட்டைப் புள்ள ஏன் ஒன்னைய இடிச்சுக்கிட்டே இருந்துச்சு?"

"நானுந்தாம்மா இடிச்சேன்."

"பாத்தேன் பாத்தேன்" என்று சொல்லி, அம்மா குடையை என் பக்கம் சாய்த்தார்.