குடுவைச் செடிக்கு ஊற்றிய புண்ணாக்குத் தண்ணீர்

கண்ணுங்களா, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். பெரியவள் வேகமாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பக் கூடாது, சின்னவள் முடிக்கும்வரை இருக்க வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எதிர்வீட்டுக் குருக்கள் முதலில் கொடுத்த குடுவைச் செடிக் குச்சி ஏன் செத்தது என்று உங்களுக்கு ஒரு காரணம் சொன்னேன். அது பொய்.

நாம் வேங்கிக்காலுக்குக் குடிவந்த புதிதில், அவர் மாடியில் பச்சை வலைக்கு அடியில் ஏதோ தொங்குகிறதே என்று முதலில் பார்த்தவனே நான்தான். இலை நுனியில் குட்டிக் குட்டிச் சொம்பாக, மூடியோடு. "பூச்சி திங்கிற செடிப்பா, எங்க சயின்ஸ் புக்குல இருக்கு!" என்று பெரியவள் கத்தினாள். அன்று மாலையே மூன்று பேரும் அவர் மாடியில் நின்றோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கோயிலில் முறை இல்லாத நாட்களில் அந்தச் செடிகளோடுதான் கிடப்பார்.

"சாமி, நீங்க சுத்த சைவம். உங்க செடி மட்டும் ஈ, எறும்புன்னு வளைச்சுக் கட்டுதே?" என்றேன்.

"அதுக்கு நான் தீட்சை குடுக்கலையே!" என்றார் அவர்.

நான் கேட்டதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. அவர் சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கப்புறம் தினமும் அதே கதை. கீழ்பென்னாத்தூர் டிரிப் முடித்து வேனை நிறுத்திவிட்டு, சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் உங்கள் பைகூட இருக்காது. பையைக் கழற்றாமலேயே எதிர்மாடிக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து உங்கள் சிரிப்பு கேட்கும். பக்கோடா ஆறிப்போகும். "புள்ளைங்க செடி பார்க்கத்தானே போச்சுங்க, அதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?" என்று உங்கம்மா கேட்பாள். நான் வளர்க்கும் கறிவேப்பிலையையும் ரோஜாவையும் நீங்கள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு அவர் குச்சி கொடுத்தார். கொடியில் மூன்று கணு விட்டுச் சாய்வாக வெட்டினார். இலைகளைப் பாதியாக நறுக்கினார். காய்ந்த பாசியை ஊறவைத்துப் பிழிந்து, அதில் நட்டு, மேலே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். "போர் தண்ணி விடாதீங்கோ, அதுல உப்பு ஜாஸ்தி. மழைத்தண்ணி மட்டும்தான். எரு, உரம் எதுவும் கிட்டயே போகக் கூடாது. சத்தில்லாத இடத்துல இருந்து பழகின செடி இது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா விவசாயக் குடும்பம், அவருக்குத் தெரியாததா?" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். பெரியவளே, நீதான் சொன்னாய்: "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது மாமா. அப்பாவுக்கு மல்லாட்டைதான் தெரியும்."

ஆமாம், மல்லாட்டைதான் தெரியும். கொல்லையில் மல்லாட்டை போட்டு, அந்தக் கடலையைச் செக்கில் ஆட்டி, புண்ணாக்கை மாட்டுக்கும் செடிக்கும் வைத்து வளர்ந்தவன் நான். அந்த ஒரு பேச்சு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்துக் கணுவில் அரிசி முனை அளவு பச்சை தெரிந்தது. காலையில் நீங்கள்தான் பார்த்தீர்கள். பார்த்ததும் எங்கே ஓடினீர்கள்? எதிர்வீட்டுக்கு. அப்புறம் அம்மாவிடம் சொன்னீர்கள். நான் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலில்தான் நின்றேன். என்னைத் தாண்டித்தான் ஓடினீர்கள்.

அன்றைக்கே ஊரிலிருந்து ஒரு கட்டி கடலைப் புண்ணாக்கு கொண்டுவந்து, எவர்சில்வர் டம்ளரில் ஊறவைத்தேன். சாகடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, அதை மட்டும் நம்புங்கள். அவர் செடியைவிட நம் செடி தளதளவென்று வர வேண்டும், "எப்படிப்பா?" என்று நீங்கள் என்னிடம் வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். எரு கூடாது என்று அவர் சொன்னது காதில் விழாமல் இல்லை. எந்தச் செடிக்காவது புண்ணாக்கு ஆகாமல் போகுமா, ஐயருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மூன்று நாள், நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், மூன்று டம்ளர் ஊற்றினேன்.

"அப்பா, என்னமோ நாத்தம் வருது" என்றாள் சின்னவள். பாட்டிலைத் தூக்கினால் பாசிமேல் வெள்ளையாகப் பூஞ்சை. துளிர் கருத்துவிட்டது. குச்சியைத் தொட்டதும் கொழகொழவென்று கையோடு வந்தது. பெரியவள் அழுதாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன சொன்னேன்? "நல்லதெல்லாம் அவரு வச்சிக்கிட்டு, சொத்தைய நம்ம தலையில கட்டிட்டாரு. விடுங்க." நீங்கள் நம்பினீர்கள். எதிர்மாடிக்குப் போவது நின்றது.

அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சூடு ஆறும் முன் மூன்று பேரும் பக்கோடா தின்றோம். ஆனால் நீங்கள் தின்றுகொண்டே ஜன்னல் வழியாக அந்தப் பச்சை வலையைப் பார்த்தீர்கள். அதுவும் என் கண்ணில் பட்டது.

பௌர்ணமி கிரிவல டிரிப்புக்கு நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். "குழந்தேள் ஏன் வரதில்லை? குச்சி எப்படி இருக்கு?"

"போயிடுச்சு சாமி."

"அடடா. என்ன விட்டேள்?"

"ஒண்ணும் விடல சாமி. நீங்க சொன்ன மழைத்தண்ணிதான்."

"அப்போ என் தப்புதான். முத்தின தண்டா வெட்டிட்டேன் போல" என்றார். பத்து நிமிடத்தில், தாய்ச்செடியின் நுனியையே வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எனக்கு வெட்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கோபம்கூட வராத மனிதர், அதிலும் என்னைத் தாண்டிப் போய்விட்டாரே என்று.

அந்த இரண்டாவது குச்சியை அவர் சொன்னபடியே நட்டேன்; இப்போது ஜன்னலில் துளிர்த்து நிற்பது அதுதான். அதைப் பார்த்துப் பெரியவள் சொன்னாள்: "இந்த வாட்டி நல்லதா குடுத்துட்டாரு போல. சரி, மன்னிச்சிடலாம்." அவர் செய்யாத தப்புக்கு நீ மன்னிப்புக் கொடுத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

இன்று காலை அவர் கோயிலுக்குக் கிளம்பும்போது மொபெட்டை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணாக்கு என்றதும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சொத்தையைக் கொடுத்தார் என்று உங்களிடம் நான் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "குழந்தேள் என்னை அப்படியா நெனச்சுண்டிருந்தா?" என்றார். முகம் சிறுத்துப்போனது. எப்போதும் சொல்லும் "வரேன்" கூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.

அதை என்னால் சரிசெய்ய முடியாது. நீங்கள் போய் நின்றால்தான் முடியும். படித்து முடித்ததும் பையைக் கழற்றாமலேயே போங்கள். பக்கோடா கிடக்கட்டும். நீங்கள் அந்தப் படி ஏறும்போது எனக்கு வயிறு எரியும்தான். எரியட்டும்.

கடிதத்தை அத்தோடு முடித்து, மடித்து, கவிழ்த்த பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த அந்த டம்ளரை எடுத்துவந்து, குழாயடியில் உட்கார்ந்து மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். புண்ணாக்கு வாடை இன்னும் கொஞ்சம் இருந்தது. நாலாவது முறை தேய்த்தேன்.