முப்பத்தொரு பிள்ளைங்க சொன்ன ஒரே தேரு: ராகலையில இருந்து ஹட்டனுக்கு

போன பங்குனியில ஒரு சனிக்கிழமை ராகலையில இருந்து ஹட்டனுக்குப் போய்ட்டு வந்தோங்க. சுத்திப் பாக்கப் போகல. சின்னப் பயலா இருந்தப்ப ஒரு ரஷ்யாக்கார அம்மாகிட்ட ஒரு பொய் சொன்னேன், அத ஒத்துக்கத்தான் போனேன். அந்தப் பக்கம் போறவங்களுக்கு ஒதவுமேன்னு நேரம், காசு எல்லாம் சரியா சொல்றேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மக செல்வி டைப் பண்ணுது. அது டீச்சர்.

காலையில ஆறே காலுக்கு ராகலையில பஸ். நுவரெலியாவுக்கு ஒரு ஆளுக்குத் தொண்ணூத்தஞ்சு ரூவா, ஒரு மணி நேரம். இடது பக்கம் ஜன்னலோரம் கெடச்சா உக்காருங்க, லீக்ஸ் தோட்டமும் பள்ளமும் நல்லாத் தெரியும். கண்டக்டர் பையன் என்னோட வெள்ளைச் சட்டையப் பாத்துட்டு, "என்னங்கய்யா, பொண்ணு பாக்கவா?"ன்னான். "இல்லப்பா, கோர்ட்டுக்கு"ன்னேன். அவன் சிரிச்சான், எனக்குச் சிரிப்பு வரல.

பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த அம்மா யாருன்னு சொல்லிர்றேன். பேரு வேரா. அவங்க அப்பா ரயில் பட்டறையில வேல பாத்தவராம். படிச்சு, மாஸ்கோவுல மனசப் பத்தின படிப்புல சேந்திருக்காங்க. நாப்பது வருஷத்துக்கு மேல இருக்கும், ஆராய்ச்சி பண்ணணும்னு எங்க தேயிலத் தோட்டத்துக்கு வந்தாங்க. அப்ப எனக்கு ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்து வாத்தியார் மொழிபெயர்ப்பாரு. ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு ஒரே கேள்விதான்: "உனக்கு ஞாபகம் இருக்குறதுல மொத விஷயம் என்ன?"

மொத நாள் ஒரு பய, தன்னோட அப்பாவத் தோட்டத்து மேனேஜர் தொர ஆபீஸ் வாசல்ல வச்சு அறைஞ்சதச் சொல்லிட்டான். சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் கோயில் வாசல்ல கூட்டம். அப்ப எங்க லயத்து வரிசை வீடுகள்ல பாதிப் பேர இந்தியாவுக்கு அனுப்புறதா இலங்கையில வைக்கிறதான்னு முடிவாகாத நேரம். வெள்ளக்காரங்க யாரு நோட்டுல எழுதுனாலும் அது பிரஜா உரிமை ஆபீசுக்குப் போகும்னுதான் எங்க ஆளுங்க நெனைப்பு. தோட்டத் தலவர் சொன்னாரு: "நாளைக்கு எந்தப் பிள்ளையக் கேட்டாலும் தேரு இழுத்ததச் சொல்லட்டும். இடது சக்கரம் வாய்க்கால்ல எறங்குச்சு, எல்லாரும் சேந்து தூக்குனாங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்த கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அந்தப் பய போக மீதி முப்பத்தொரு பிள்ளைங்களும் அதத்தான் சொன்னோம். நான் பதினேழாவது.

நுவரெலியாவுல எறங்கி பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு முஸ்லிம் நானா கடையில ரெண்டு ரொட்டி, தொட்டுக்கக் கட்டசம்பல், பால் இல்லாத பிளேன்டீ ரெண்டு. முந்நூத்தி இருபது ரூவா. நான் ரொட்டியப் பிச்சுப் பிச்சுத் தட்டுலயே வச்சேன். கல்லாவுல இருந்த நானா, "ரொட்டி கல்லா இருக்கா?"ன்னாரு. "ரொட்டியில ஒண்ணும் இல்ல நானா, எனக்குத்தான் சரியில்ல"ன்னேன். "அப்ப பாதிக் காசு தாங்க, மீதிய நான் திங்கிறேன்"னாரு.

ஹட்டன் பஸ் எட்டு மணிக்கு. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், ஆனா வளைவு அதிகம், ரெண்டே கால் மணி நேரம் புடிக்கும். நூத்தித் தொண்ணூறு ரூவா. வாந்தி வர்றவங்க முன்னாடி உக்காருங்க. தலவாக்கலை தாண்டுனதும் அருவி தெரியும். செல்வி போட்டோ எடுத்துச்சு. நான் அந்தக் காலத்துத் தேர நெனச்சுக்கிட்டு வந்தேன். நெசமாவே அப்பிடி ஒரு தேரு இருந்துச்சுங்க. மூங்கில்ல கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, மொதலாம் நம்பர் லயத்துல இருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் இழுப்போம். அழகா இருக்கும். ஆனா அது என்னோட மொத ஞாபகம் இல்ல.

இதுல என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. வேரா அம்மா ஊருக்குப் போயி அத வச்சே பெரிய புஸ்தகம் எழுதிட்டாங்க. செவுத்துக்குச் செவுரு ஒட்டி வாழ்ற லயத்து சனங்களுக்கு ஞாபகம்கூட பொதுவாத்தான் இருக்கும், ஒரு பிள்ளையோட மொத ஞாபகம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொந்தம்னு. அதுக்குத்தான் டாக்டர் பட்டம், அப்பறம் பேராசிரியர், அப்பறம் அந்தத் துறைக்கே தலைமை. அவங்க நாடு ஒடஞ்சு சம்பளம் வராத வருஷங்கள்ல ஊறுகா போட்டு வித்துக்கிட்டே பாடம் நடத்துனாங்களாம். செல்வி டீச்சர் பயிற்சிக்குப் போன எடத்துல இந்தத் தேரு கதையப் பாடமா நடத்தியிருக்காங்க. அது வீட்டுக்கு வந்து சொன்னப்ப நான் சிரிச்சேன். பொறவு ரெண்டு நாள் தூங்கல. செல்விதான் தேடிப் புடிச்சு அவங்களுக்கு எழுதுச்சு. ஹட்டனுக்கு வர்றேன், புஸ்தகம் மறுபடி அச்சுக்குப் போவுது, அதுக்கு முன்னாடி ஒருக்கா பாக்கணும்னு பதில் வந்துச்சு.

ஹட்டன் டவுன்ல இருந்து அவங்க தங்கியிருந்த பங்களாவுக்கு ஆட்டோ ரெண்டு கிலோமீட்டர். டிரைவர் நானூறு கேட்டான். செல்வி முந்நூறுன்னுச்சு. "மேட்டுக்கு ஏத்தணும் அக்கா, எறங்கும்போது வேணா சும்மா உருண்டு வாங்க"ன்னான். முந்நூத்தம்பதுக்கு ஏறுனோம்.

அம்மா வராந்தாவுல இருந்தாங்க. முடி முழுக்க வெள்ள, மூக்கு மட்டும் அதே மூக்கு. "பதினேழு"ன்னு தமிழ்ல சொல்லி என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்க இங்கிலீஷ்ல பேச, செல்வி சொல்லும்.

நான் சுத்தி வளைக்கல. "அம்மா, அது சொல்லிக் குடுத்ததும்மா. எல்லாருக்கும்"னேன்.

அம்மா புடிச்சிருந்த என் கைய விட்டாங்க. பொறவு மெதுவா ஒண்ணு சொன்னாங்க. கூட வேல பாத்த ஒருத்தர் அன்னைக்கே சந்தேகப்பட்டாராம். முப்பத்தொரு பிள்ளையும் அதே இடது சக்கரம் எப்பிடிச் சொல்லும், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு. இவங்க பட்டம் குடுக்குற சபையில எதுத்து வாதாடி ஜெயிச்சாங்க. அவருக்கு அதோட மதிப்பு போச்சு, வேற ஊருக்குப் போயி அங்கயே செத்துட்டாரு. "அவர்கிட்ட இனிமே சொல்ல முடியாது"ன்னாங்க.

நான் எந்திரிச்சேன். "மன்னிச்சிருங்கம்மா"ன்னேன். உக்காருன்னு கையக் காட்டுனாங்க. "உன்னோடத நான் இன்னும் கேக்கலயே."

சொன்னேன். எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, என்னைய வளத்தவங்க. ஹட்டன் ஸ்டேசன்ல ரயில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போறாங்க. நான் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடல. அப்பா என் வெரல ஒவ்வொண்ணா பிரிக்கிறாரு. சுண்டு வெரல்ல இருந்து ஆரம்பிச்சாரு. அதுதான் எனக்கு மொத ஞாபகம். அத வெளியில சொன்னா இவனும் போக ஆசப்படுறான்னு எழுதி எங்களையும் ஏத்திருவாங்கன்னு அப்பா பயந்தாரு. அவரு செத்ததுக்கு அப்பறமும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாதியில செல்வியால மொழிபெயர்க்க முடியல. அதுக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு எழுதுனாங்க. பொறவு, "மீதி முப்பது பேரு எங்க?"ன்னாங்க. லயத்துக் காம்பரா வீட்டு வரிசையில நெனச்சுப் பாத்து ஒவ்வொரு பேரா சொன்னேன். இந்தியா, கொழும்பு, சாவு, இந்தியா. தோட்டத்துல மிச்சம் எட்டு பேரு. புஸ்தகத்த நிறுத்தி வைக்கச் சொல்றேன்னாங்க.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்த. வெளியூர்ல இருந்து வந்து லயத்துல கேள்வி கேக்க நெனைக்கிறவங்க, மொத நாளு கேக்காதீங்க. டீ குடிங்க, சும்மா இருங்க. ஹட்டன்ல இருந்து திரும்புற பஸ் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நெருக்கும், அதுக்கு முன்னாடி ஏறிருங்க. ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு ரெண்டாயிரத்தி ஐந்நூறு ரூவா போதும்.

திங்கக்கெழம வேரா அம்மா வேன் புடிச்சு எங்க தோட்டத்துக்கு வந்தாங்க. மொதல்ல காத்தாயி அக்கா வீடு. அந்தக் காலத்துல பதில் சொன்ன பிள்ளைங்கள்ல அக்கா நாலாவது. அம்மா நோட்டத் தொறக்கல. வாசல்ல நின்னுக்கிட்டே செல்விய விட்டுக் கேட்டாங்க: "பேசக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

காத்தாயி அக்கா முந்தானையால நாக்காலியத் தொடச்சுப் போட்டாங்க. "சொன்னவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்கம்மா. உக்காருங்க, சொல்றேன்."