மறுபக்கம் வளைத்த வில்

அந்த வில்லை ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமமான தலைச்சோலையில் வாங்கினேன். விற்றவர் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மர வில். நாண் இல்லாதபோது நுனிகள் இரண்டும் எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்கும். தோள்பட்டை வலி வந்தபின் தொடவில்லை என்றார். நாண் பூட்ட உதவும் கயிறு ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். "மொதத் தடவ இங்கயே வந்து பூட்டுங்க சார், நான் பாக்கறேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

நான் காத்திருக்கவில்லை. அன்று மாலையே, ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் பழைய சாக்கைக் கட்டிவிட்டு, வில்லைக் காலுக்கிடையே கொடுத்து வளைத்தேன். சிறுவயதில் செய்த மூங்கில் வில் எந்தப் பக்கம் வளையுமோ அந்தப் பக்கம். அது தவறான பக்கம். நாண் ஏறியது. அரைவட்டமாக நின்ற வில்லைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவிழ்த்துச் சரியான பக்கம் பூட்டியபோது நாண் நடுவில் நிற்கவில்லை. மேல்நுனி இடப்பக்கமாகத் திருகியிருந்தது.

சரிசெய்ய முடியுமா என்று கேட்க மறுநாள் கொண்டுபோனேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாணுக்கு நேராகப் பார்த்தார்.

"எப்படிங்க சார் ஆச்சு?"

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்றேன். பொய்யைக் கேள்வியாகக் கேட்டால் யாரும் பிடிக்க முடியாது என்பது பத்திரிகையில் இருபது வருடம் இருந்த எனக்குத் தெரியும்.

அவர் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். "ஏம்புள்ள! வில்ல மூலையில சாத்தி வெச்சியா?"

மனைவி ஈரக்கையோடு வந்தார். "நானா? கட்டிலுக்கு அடியில படுத்தவாக்குலதானுங்க கெடந்துச்சு."

"சாத்தி வெச்சாத்தான் இப்படித் திருகும். ஒட்டடை அடிக்கிற கம்புன்னு நெனச்சியா?"

"ஊடு கூட்டறப்ப ஒருவாட்டி எடுத்துச் சாத்தியிருப்பனோ என்னமோ..." குரல் இறங்கியது. "நெனப்பில்லீங்களே."

பிறகு அந்த அம்மா என்னிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றார். அவர் போட்டுத் தந்த காப்பியைக் குடித்தேன்.

அடுத்த வாரம், கணவர் சேலம் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். செய்தியை முதல் பக்கத்தில் தப்பாகப் போட்டுவிட்டுத் திருத்தத்தை ஏழாம் பக்கத்தின் அடியில் போடுவது எங்கள் வழக்கம். அதையேதான் இங்கும் செய்தேன். அந்த அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஒரு வாரமா கட்டிலுக்கு அடியில பூந்து பூந்து பாக்கறனுங்க, எப்ப எடுத்தோம், எங்க வெச்சோம்னு." கையால் மிளகைப் பரப்பினார். "எங்கிட்டச் சொல்லி என்னாகுது? என்னையத் திட்டுனவரு அவரு. நாலு மணி பஸ்ஸுல வந்துருவாரு. அவருகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டார். இம்முறை காப்பி இல்லை.

பஸ் வந்தது. கணவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் வளைத்தேன் என்று கையால் காட்டினேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். கோபப்படவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, சாத்தி வெக்கலைன்னா வெக்கலைன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதான? சாத்தியிருப்பனோன்னு எதுக்கு இழுத்த?"

"திட்ட வேண்டியது என்னைங்க" என்றேன்.

"உங்கள எப்படிங்க சார் திட்டறது?" என்று சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மிளகை முறத்தில் அள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.