வயித்துல நாலு புள்ளி

என் மகளுக்கு ஒபரேஷன்னு முடிவான ரெண்டே வாரத்துல நான் பாதி டொக்டர் ஆயிட்டேன். ஹாலிஎல ஸ்டாண்டுல ஓட்டோவ நிப்பாட்டிட்டு, ஹயருக்கு ஆள் வர்ற வரைக்கும் ஃபோன்ல வீடியோ பாக்குறதுதான் வேலை. மத்த டிரைவர்மார் கிரிக்கெட் பாப்பாங்க, நான் பித்தக்குழாய் பாப்பேன்.

மகளுக்கு அப்ப ஆறு வயசு. ஈரல்லருந்து பித்தம் இறங்குற குழாய் பிறவியிலேயே பை மாதிரி வீங்கிக் கிடந்திருக்கு. எங்களுக்கு எங்க தெரியும்? கண்ணு மஞ்சளாகும், வயிறு வலிக்குதும்பா, காலையில கீழாநெல்லி அரைச்சுக் குடுப்போம், நாலஞ்சு நாள்ல தெளிஞ்சிரும். நம்ம மருந்தாலதான் தெளியுதுன்னு எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு பூரா பெருமையடிச்சேன். தானா வந்து தானா போறதுதான் அந்த நோயோட குணம்னு பதுளை ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சது. அதை நெனச்சா இப்பவும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கு.

வீங்கின குழாய வெட்டி எடுத்துட்டு, குடல்ல ஒரு முனைய மேல கொண்டுபோய் ஈரலோட சேத்துத் தைக்கணும். அதை எப்படிச் செய்யிறதுங்கிறதுலதான் ஒபரேஷன் செய்யப்போற டொக்டரோட நான் மல்லுக்கு நின்னேன்.

"ரோபோவால செய்வீங்களா டொக்டர்?"

அவர் சிரிக்கல. அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் தாராளம், அதனால பேச்சுக்குக் குறைவில்ல. அந்த மெஷின் தன்கிட்ட இல்ல, இருந்தாலும் இத்தனூண்டு வயித்துக்குள்ள அதோட கைங்க அடங்கிறது சிரமம்னார்.

"அப்ப தொப்புள்ல ஒரே ஓட்டை போடுற முறை? தழும்பே தெரியாதாமே."

"தெரியாதுதான். ஆனா எல்லாக் கருவியும் ஒரே வழியா போய் ஒண்ணோட ஒண்ணு முட்டும், தைக்க நேரமெடுக்கும். நாலு ஓட்டைன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி வழி. என் கைக்குப் பழகினதும் அதுதான். உள்தையல் கசிஞ்சா, தழும்பு சின்னதா இருந்து என்ன புண்ணியம்?"

எனக்குச் சட்டுன்னு விளங்கிருச்சு. ஓட்டோவோட இஞ்சின் மூடிக்குள்ள ரெண்டு பேர் ஒரே நேரத்துல கைய விட்டா நட்டு கழலுதோ இல்லியோ, சண்டை நிச்சயம். சரி, நாலு ஓட்டைன்னு ஒத்துக்கிட்டேன்.

மகதான் ஒத்துக்கல. கத்தியால வயித்தக் கீறுவாங்கன்னு வார்டுல யாரோ சொல்லி, ஒபரேஷனுக்கு முதல் நாள் சோறு தண்ணி இல்லாம கட்டில்ல சுருண்டுகிட்டா. நான் சட்டையத் தூக்கி, பேனாவால என் வயித்துல நாலு புள்ளி வச்சேன். "இவ்வளவுதான் பாப்பா. கீறவே மாட்டாங்க. அப்பா சொல்றேன்ல." ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து எண்ணினா. அப்புறம் கஞ்சி குடிச்சா.

அடுத்தது சம்மதப் பத்திரத்துல கையெழுத்து. தேவைப்பட்டா வயித்தத் திறந்து செய்யச் சம்மதம்னு ஃபோம்ல ஒரு வரி. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. அதே பேனாவால அந்த வரிய அடிச்சிட்டேன். டொக்டர் கோவப்படல, நர்ஸ்கிட்ட புது ஃபோம் ஒண்ணு வாங்கி என் முன்னால வச்சார்.

"இந்த வரி இல்லாம நான் ஒபரேஷன் செய்யமாட்டேன். அடிக்கடி புண்ணான இடம். பக்கத்து ரத்தக்குழாயோட ஒட்டியிருந்தா திறக்கத்தான் வேணும்."

"நான் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அவர் அந்த வரிய விரலால தொட்டுக் காட்டினார். பேசினது என் சம்சாரம். தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து வாயே திறக்கல. "அப்புத்தளையில பனி இறங்கினா, ஏறினவங்க என்ன கத்தினாலும் நீங்க வண்டிய ஓரங்கட்டுவீங்களா இல்லியா? அவரு மட்டும் கண்ணு தெரியாம ஓட்டணுமா? போடுங்க கையெழுத்த."

போட்டேன்.

மறுநாள் காலையில கொண்டுபோனாங்க. மத்தியானம் தாண்டித்தான் டொக்டர் வெளிய வந்தார். நாலு ஓட்டையிலதான் ஆரம்பிச்சாராம். அந்தப் பை பின்னால ரத்தக்குழாயோட ஒட்டிப்போயிருந்ததால வயித்தத் திறந்து எடுத்தாராம். "பிள்ளை நல்லா இருக்கா. தையலும் நல்லா வந்திருக்கு." நான் அந்த இடத்துலயே உக்காந்து அழுதேன். சந்தோஷம் ஒரு பக்கம். வீம்பு பிடிச்சு அவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருந்தா என்னாகியிருக்கும்ங்கிற பயம் ஒரு பக்கம்.

மூணாம் நாள் கட்டு மாத்தும்போது அவ பாத்துட்டா. விலாவுக்குக் கீழ குறுக்கால நீளமா தையல். அப்புறம் என்னைப் பாத்தா. அழுவான்னு நெனச்சேன். அழல, அதுதான் எனக்குத் தாங்கல.

"அப்பா சொன்னது பொய்யாப் போச்சு பாப்பா," ன்னேன்.

"பேனா இருக்கா?"

குடுத்தேன். சட்டையத் தூக்கச் சொன்னா. பாதி அழிஞ்சிருந்த நாலு புள்ளிக்கு மேல, விலாவுக்குக் கீழ, தன் தையலப் பாத்துப் பாத்து ஒரு கோடு இழுத்தா. நடுவுல பேனா எழுதல. ஊதி, அழுத்தி, கடைசி வரைக்கும் இழுத்து முடிச்சா.

"இப்ப சரி," ன்னுட்டு படுத்துக்கிட்டா.

அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் நான் வயித்துல சோப்புப் போடல.